ஓரியூருக்கு, சேவூரிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள ஓரியூரே,

உன்னை நேரில் பார்க்க வரும்போதெல்லாம் கூட்டத்தோடு கூட்டமாக வந்து, மெழுகுவத்தி ஏற்றி, மண்ணெடுத்து நெற்றியில் பூசி, திருவாடானைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கிளம்பிவிடுகிறேன். சாவகாசமாக உட்கார்ந்து பேச வாய்த்ததே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அவிநாசிக்கு வடக்கே, வாலீஸ்வரர் கோயிலும் நிலக்கடலை ஏலமும் விசைத்தறிச் சத்தமுமாக இருக்கிற சேவூரிலிருந்து எழுதுகிறேன். நான் இந்த ஊரில் பிறக்கவில்லை. ஆனாலும் யார் கேட்டாலும் ‘எனக்குச் சேவூர்’ என்று தயங்காமல் சொல்கிறேன். அப்படிச் சொல்லும் துணிச்சலை எனக்குக் கொடுத்தவர், உன் மடியில் கிடக்கிற அருளானந்தர் சாமி. நான் உனக்குப் பட்ட கடன் நிறைய. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கேள்.

ஓரியூரே, முதல் கடன் ஒரு பொட்டலம் மண். திருவாடானை வட்டத்தில் கண்மாயை நம்பிக் கிடக்கிற ஒரு சிற்றூரில் பிறந்தவள் நான். மழை பெய்தால் நெல். பெய்யாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் பிழைப்பு. மழை தொடர்ந்து பொய்த்த காலத்தில், எங்கள் பக்கத்து ஆட்கள் பலரையும் போல நாங்களும் திருப்பூருக்கு மூட்டை கட்டினோம். கிளம்புகிற அன்று அப்பத்தா முந்தியில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து, செய்தித்தாளில் மடித்து என் கையில் வைத்தாள். “ஓரியூர் மண்ணு. போற ஊர்ல ஒடம்புக்கு முடியலன்னா தண்ணியில ஒரு சிட்டிகை கரைச்சுக் குடி. மனசுக்கு முடியலன்னா நெத்தியில வச்சுக்க” என்றாள். எங்களுக்குக் குலதெய்வம் அய்யனார். ஞானஸ்நானம் வாங்கியவர்கள் எங்கள் வீட்டில் யாருமில்லை. ஆனாலும் அப்பத்தாவுக்கு நீ ‘நம்ம அருளானந்தர் கோயிலு’. ஊரில் இருக்கிறவர்களை அய்யனார் பார்த்துக்கொள்வார், ஊரைவிட்டுப் போகிறவர்களை அருளானந்தர் பார்த்துக்கொள்வார் என்று அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்று எனக்குப் புரியப் பல வருஷங்கள் ஆயின.

ஓரியூரே, திருப்பூரில் முதலில் எனக்குக் கிடைத்தது பனியன் கம்பெனியில் கைமடி வேலை. பீஸைப் பீஸாக எடுத்துக் கொடுப்பதும், தைத்து வருவதை வாங்கி அடுக்குவதும், பிசிறு வெட்டுவதும். ஒன்றரை சிப்ட் முடிந்து வரும்போது காலில் உணர்ச்சி இருக்காது. பிறகு ஓவர்லாக் தையல் மெஷின் பழகினேன், பேட்லாக் பழகினேன், பவர்டேபிளில் உட்கார்ந்தேன். சனிக்கிழமைச் சம்பளத்தை வாங்கிச் சேவூர் வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் பிரித்த பிறகு மீதி இருப்பது அந்தப் பொட்டலம்தான். அதை அவிழ்த்துப் பார்ப்பேன். மற்ற மண்ணைப் போல அது விரலில் அப்பாது. நறநறவென்று மணலாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் குருணை குருணையாகச் சிவப்பு தெரியும். சாயப்பட்டறைகள் நிறைந்த சீமையில் வாழ்கிறவள் நான். சிவப்புச் சாயம் ஏற்றிய துணி முதல் அலசலிலேயே தண்ணீரை எப்படிச் சிவக்கடிக்கும் என்று தெரியும். உன் சிவப்போ, எத்தனை வருஷம் மடித்து வைத்தாலும் அப்படியே இருந்தது.

செம்மண் ஊரே, அந்தச் சிவப்பின் கதையை எனக்கு நீதான் சொன்னாய். 1693 பிப்ரவரி 4. கத்தோலிக்கர்கள் நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். அன்றைக்குப் பாம்பாற்றங்கரையில் நீ பார்த்ததை வேறு எந்த ஊரும் பார்த்திருக்க வேண்டாம். நாற்பத்தாறு வயதுகூட முழுதாக ஆகியிருக்காத ஒரு சாமியாரை அழைத்து வந்து, தலையை வெட்டி, கையையும் காலையும் வெட்டி, உடலைக் கழுமரத்தில் மாட்டி வைத்தார்கள். அந்த ரத்தம் ஊறித்தான் மணல் சிவந்தது என்பது உன்னிடம் வருகிற சனங்களின் நம்பிக்கை. எனக்கும் அதுவே நம்பிக்கை. ‘செம்மண் புனிதர்’ என்று அவரை அழைக்கிறோம். இப்படி ஒரு கொடுமை தன் மண்ணில் நடந்தால் எந்த ஊரும் அதை மறைக்கப் பார்க்கும். நீ மறைக்கவில்லை. அந்த இடத்தையே எல்லாருக்கும் திறந்து வைத்தாய். ரத்தம் விழுந்த மண்ணை மருந்தாக அள்ளிக் கொடுக்கிறாய். உனக்கு நான் சொல்லும் நன்றிகளில் இதற்குத்தான் முதலிடம்.

என் ஊரே, அந்தச் சாமியார் யார், எங்கிருந்து வந்தவர் என்று நான் மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டேன். 1647 மார்ச் 1-ஆம் தேதி லிஸ்பனில் பிறந்தவர். பெயர் ஜான் தெ பிரிட்டோ. தகப்பனார் போர்த்துகல் அரசின் ஆளுநராகப் பிரேசிலுக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். பையன் அரண்மனையில் வளர்ந்தான். பின்னாளில் போர்த்துகலை ஆண்ட இளவரசர் பெத்ரோதான் அவனுக்கு விளையாட்டுத் தோழன். சிறு வயதில் பிள்ளை கடும் நோயில் விழுந்தபோது, பிழைத்து எழுந்தால் ஒரு வருஷம் இயேசு சபைத் துறவியின் அங்கியைப் போட்டு வளர்க்கிறேன் என்று தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டாள். பிழைத்தான். நேர்ந்தபடியே அங்கி போட்டு அரண்மனையில் நடமாடவிட்டாள். இதைப் படித்தபோது எனக்கு லிஸ்பன் ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. காய்ச்சலில் என் மகளுக்கு இழுப்பு வந்த ராத்திரி, ‘பிழைக்க வச்சா ஓரியூர்ல முடியெறக்கிக் காது குத்தறேன்’ என்று நான் அழுதேனே, அதுவேதான் இதுவும். கடலுக்கு அப்பாலும் தாய்கள் நேர்த்திக்கடன் வைக்கிறார்கள்.

ஓரியூரே, அந்த நேர்த்திக்கடனைச் செலுத்த வந்தபோது நீ என்னை எப்படி வரவேற்றாய் என்பதை மறக்க முடியாது. நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக வந்தேன். உன் சாமி கந்தனா மரியாவா என்று யாரும் கேட்கவில்லை. முடியிறக்கினார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினோம். மரத்தடியில் மூன்று கல் கூட்டி அசனம் சமைத்தோம். கிடாக் கறி கொதிக்கிற வாசனைக்குப் பக்கத்து அடுப்புக்காரர்களும் வந்து நின்றார்கள். சோற்றை வடித்து ஓலைப்பாயில் கொட்டி ஆறவிட்டு, கண்மாயிலிருந்து பறித்து வந்த தாமரை இலையில் பரிமாறினோம். அசனத்தில் அழைப்பு கிடையாது. அந்த நேரத்தில் அங்கே நிற்பவர்கள் எல்லாரும் உட்காரலாம். எங்கள் பந்தியில் கள்ளரும் மறவரும் உடையாரும் பள்ளரும், சிலுவை போட்டவர்களும் போடாதவர்களும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்தில் வேறு எந்தப் பந்தியிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்த ஒரு வேளைச் சோற்றுக்கு நான் உனக்கு என்றென்றைக்கும் கடமைப்பட்டவள்.

ஓரியூரே, அந்தப் பந்திக்கு வித்திட்டவரும் அந்தச் சாமியார்தான். அவர் கோவா வந்து இறங்கியது 1673-இல். மறு வருஷம் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தார். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி தொடங்கிவைத்த தளம் அது. நோபிலி பிராமண சந்நியாசியின் கோலம் பூண்டார். இவர் தேர்ந்துகொண்டது பண்டாரசாமிக் கோலம். எல்லாச் சாதிக்காரர்களும் பக்கத்தில் வந்து பேசக்கூடிய கோலம் அது. காவி கட்டினார். காது குளிரத் தமிழ் பேசினார். கறி, மீனை விட்டார். சோறும் காய்கறியும் மட்டும் உண்டு, தரையில் படுத்து, ஊர் ஊராக நடந்தார். அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். அரண்மனைப் பிள்ளைக்கு இதெல்லாம் வேஷமாக இருந்திருந்தால் ஒரு வருஷத்தில் கலைந்திருக்கும். இருபது வருஷத்தில் அதுவே அவர் உடம்பாகிவிட்டது. கொங்குச் சீமைக்கு வந்து, ‘ஏனுங்க, வாங்க, சாப்ட்டீங்களா’ என்று பேசப் பழகிய நாட்களில் அவரை நினைத்துக்கொள்வேன். பாஷை மாறினால் நம்மை நாமே இழந்துவிடுவோமோ என்ற பயம் எனக்கு வராமல் இருந்ததற்கு அவரே காரணம்.

ஓரியூரே, அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் அசைத்த இடம் ஒன்று உண்டு. 1686-இல் மறவர் சீமையில் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். ராமநாதபுரத்தை ஆண்ட ரகுநாத கிழவன் சேதுபதி, இனி என் சீமையில் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து அவரை விடுதலை செய்தார். அதற்கடுத்து சபைக் காரியமாக அவரை லிஸ்பனுக்கு அனுப்பினார்கள். பழைய விளையாட்டுத் தோழன் இப்போது அரசர். இங்கேயே இரு, என் மகனுக்குக் கல்வி சொல்லிக்கொடு என்று கேட்டார். தாய் இருந்தாள். சொந்தம் இருந்தது. பிறந்த மண் இருந்தது. உயிருக்கு ஆபத்தில்லாத கௌரவமான வேலையும் காத்திருந்தது. அவரோ 1690-இல் திரும்பக் கோவாவில் வந்து இறங்கி, எந்தச் சீமைக்குள் நுழையாதே என்றார்களோ அந்தச் சீமைக்கே நடந்து வந்தார். ஒரு ஊருக்கு முதல் தடவை வருவது விதியாக இருக்கலாம், வறுமையாக இருக்கலாம், மேலிடத்துக் கட்டளையாகவும் இருக்கலாம். இரண்டாம் தடவை வருகிறவன் தன் சம்மதத்தோடு வருகிறான். என்னைப் பொறுத்தவரை, அன்றைக்குத்தான் அவர் மறவர் சீமைக்காரர் ஆனார்.

ஓரியூரே, எல்லாக் கேள்விகளையும் கேட்க எனக்கு இடம் கொடுத்தவள் நீ. அதற்கும் நன்றி. மறவர் தலைவரான சிறுவல்லித் தடியத்தேவர் நோயில் படுத்ததும், சுவிசேஷம் வாசித்து ஜெபிக்கச் சுகமானதும், 1693 ஜனவரி 6-ஆம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளில் ஞானஸ்நானம் பெற்றதும் உன் பிரசங்கங்களில் பல தடவை கேட்டவை. ஞானஸ்நானத்துக்காக அவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் சேதுபதிக்கு மகள் முறையான கடலாயியும் ஒருத்தி. அவள் முறையிட்டதில்தான் அருளானந்தர் மறுபடி பிடிபட்டார். கதை சொல்கிறவர்கள் கடலாயியைக் கோபக்காரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஒரு நாள் உன் மணலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவள் நினைப்பு வந்தது. யாரோ எடுத்த முடிவில் ஒரே நாளில் வீடில்லாமல் போன பெண் அவள். அவளுக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். புனிதருக்கு ஏற்றிய மெழுகுவத்திக்குப் பக்கத்திலேயே அதுவும் நின்று எரிந்தது. சாமி கோபித்துக்கொள்ளவில்லை. நீயும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஓரியூரே, சேதுபதி தன் தலைநகரில் அவரைக் கொல்லத் தயங்கி, உன்னை ஆண்ட தன் தம்பி உடையத்தேவரிடம் அனுப்பிவைத்தார். ராமநாதபுரத்திலிருந்து உன் எல்லை வரைக்கும் அவர் வந்த வழியை நான் பஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறேன். கண்மாய்க் கரை, பனை, உப்புக் காற்று, தலை சாய்க்க நிழலில்லாத வெட்டவெளி. வெட்டுவதற்கு முதல் நாள் உன் சிறையிலிருந்து அவர் தன் மேலாளருக்குக் கடிதம் எழுதினார். சாகப்போகிறோம் என்று தெரிந்தும் கலங்காத கடிதம். யோசித்துப் பார்த்தால், உன்னிடமிருந்து வெளியுலகுக்குப் போன கடிதங்களில் அதுவே மிகப் பெரியது. இன்றைக்கு நான் உனக்கு எழுதுவது அதற்குப் பல நூறு வருஷம் கழித்து வருகிற ஒரு சின்னப் பதில்.

தாய்மடி போன்ற ஊரே, அந்தச் சேதி லிஸ்பனுக்குப் போய்ச் சேர்ந்தபோது என்ன நடந்தது என்பதை அறிந்ததும் நான் அழுதேன். மகன் இந்தியாவுக்குப் போகக் கூடாதென்று அந்தத் தாய் ஒரு காலத்தில் தடுக்காத தடுப்பில்லை. திருத்தந்தையின் தூதர் வரைக்கும் போய் முறையிட்டுப் பார்த்தவள். இருபது வருஷம் கழித்து மகன் ரத்த சாட்சியாகச் செத்தான் என்று தெரிந்ததும், அரசர் நன்றி வழிபாடு நடத்தினார். அந்த வழிபாட்டுக்கு அவள் துக்க உடையில் வரவில்லை. திருவிழா உடை உடுத்தி வந்தாள் என்கிறார்கள். என் மகள் நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று கேட்ட அன்று, எனக்குள் அந்த இரண்டு தாய்களும் இருந்தார்கள். தடுத்தவளும் நானே, பட்டுடுத்தியவளும் நானே. கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு என் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். “என்னம்மா, விசேஷத்துக்கு வர்ற மாதிரி வந்திருக்க” என்று மகள் சிரித்தாள். விசேஷம்தான் என்றேன். அவள் பெட்டியில் செய்தித்தாளில் மடித்த உன் மண் இருந்தது. அப்பத்தாவிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து அவளுக்குப் போகிறது.

ஓரியூரே, 2011-ஆம் வருஷத்தைச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. ஜனவரி மாதம் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யலையும், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் பாழாகிப்போன விவசாயிகளையும் நினைத்தால் அந்தத் தீர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் சாயம் நின்றால் துணி நிற்கும், துணி நின்றால் தையல் நிற்கும். நான் வேலை பார்த்த கம்பெனியில் சிப்ட் குறைந்து, ஆள் குறைந்து, கடைசியில் கதவு சாத்தினார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக ஊர் திரும்பினார்கள். நாங்களும் திரும்புவதா இருப்பதா என்று தெரியாமல் உன்னிடம் வந்தேன். மணலில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு வயசான ஆத்தா தூக்குவாளியைத் திறந்து புளிச்சோறு பகிர்ந்தாள். “எந்தூரு தாயி?” என்றாள். பிறந்த ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனால் என் வாயில் வந்தது, “சேவூரு ஆத்தா, திருப்பூருப் பக்கம்.” முதல் தடவையாக அப்படிச் சொன்னேன். “பொறந்தது?” என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஒரு வாய் சோற்றை மென்றுகொண்டே, அருளானந்தர் கெபியின் பக்கம் கையைக் காட்டி, “அவுகளுக்கும் இது வந்த ஊருதான” என்றாள். எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன். அன்றைக்கு அந்த ஆத்தா சொன்ன அளவுக்கு எதுவும் உள்ளே இறங்கியதில்லை.

ஓரியூரே, அன்று ராத்திரியே சேவூருக்குத் திரும்பினேன், இரண்டாம் தடவையாக. இந்தத் தடவை என் சம்மதத்தோடு. நகையை அடகு வைத்து ஒரு பழைய ஓவர்லாக் மெஷின் வாங்கி, வாடகை வீட்டுத் திண்ணையில் போட்டேன். வீட்டுக்கார அம்மா வந்து எட்டிப் பார்த்தார். “அம்மிணி, ஊருக்குப் போறீங்கன்னு சொன்னாங்களே” என்றார். போகலைங்க, இங்கேயே இருக்கறோமுங்க என்றேன். “அப்ப கரண்டுக்குத் தனி மீட்டர் போட்டுக்கலாமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். தனி மீட்டர் போட்டதும் இந்த ஊரில் எனக்கு ஒரு முகவரி வந்ததுபோல இருந்தது. ஜாப் ஒர்க் எடுத்தேன். ஒரு மெஷின் சில மெஷின்களாகி, ஒரு சின்ன யூனிட் ஆனது. அருளானந்தர் வந்து மெஷின் ஓட்டினார் என்று நான் சொல்லமாட்டேன். திரும்பி வரும் தைரியத்தை அவர் கொடுத்தார். மெஷினை நான் ஓட்டினேன்.

ஓரியூரே, சேவூருக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்களையும் கண்திறந்து பார்க்க நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். இங்கிருந்து கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயில் பக்கம். அக்டோபர் திருவிழாவுக்குப் போகும்போது கடை, ராட்டினம், தேர் என்று பார்த்துவிட்டு வருவதோடு முன்பெல்லாம் சரி. பிறகு கோயிலின் கதையைக் கேட்டேன். மெல்கியோர் தெ மரியோன் பிரசில்லாக் என்ற பிரெஞ்சுக்காரர் 1846-இல் இங்கேதான் ஆயராகத் திருநிலைப்பட்டார். இந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாக வேண்டும் என்று பாடுபட்டார். பின்னாளில் பிரான்சுக்குத் திரும்பி, 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்கப் பணிக்கென்று ஒரு சபையைத் தொடங்கினார். 1859-இல் சியரா லியோனில் ஃப்ரீடவுன் நகரில் இறந்தார். வந்தவர், போனவர், இன்னொரு கரையில் மண்ணானவர். பனியன் கம்பெனிகளுக்கு முன்பே இந்தச் சீமை வெளியாட்களைப் பார்த்திருக்கிறது. நொய்யல் ஓடுகிற இடத்திலும் பாம்பாறு ஓடுகிற இடத்திலும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் இருப்பதை நீ இல்லாமல் நான் கண்டிருக்கமாட்டேன்.

ஓரியூரே, உன் எளிமைக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். வேளாங்கண்ணி போல உனக்குக் கடலும் கடைத்தெருவும் கிடையாது. உன்னிடம் வர ஆசைப்படுகிறவர் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். திருப்பூரில் மதுரை பஸ் ஏறி, தாராபுரம், திண்டுக்கல் தாண்டி மாட்டுத்தாவணியில் இறங்கி, தொண்டி பஸ் பிடித்து, சிவகங்கை, காளையார்கோவில் என்று தூங்கி விழித்து, திருவாடானை ஆதிரத்தினேஸ்வரர் கோபுரம் தெரிந்ததும் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு. பிறகு உன் பஸ். அது வரும்போது வரும். 1947 ஜூன் 22-ஆம் தேதி, நம் நாடு விடுதலை அடைவதற்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், ரோமில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அருளானந்தரைப் புனிதர் என்று அறிவித்தார். உலகத்துக்கே தெரிந்த பெயர் ஆகிவிட்டது உனக்கு. அதற்குப் பிறகும் நீ வயல்காட்டு ஊராகவே இருந்தாய். விழா இல்லாத நாளில் வந்தால் டீக்கடையில் நான்கு பேர், மெழுகுவத்தி விற்கும் அக்கா, மணலில் விளையாடும் பிள்ளைகள். எங்கள் ஊரில் நிமிஷத்துக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு. உன்னிடம் வந்தால் அந்தக் கணக்கு நின்றுபோகும். உடம்பு முதலில் திகைத்து, பிறகு மெல்லத் தளரும். அந்த ஓய்வை இங்கே காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

ஓரியூரே, உன்னால் எனக்குக் கிடைத்தவர்களைப் பற்றியும் சொல்கிறேன். இன்று என் யூனிட்டில் தைக்கிறவர்களில் பாதிப்பேர் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார்ப் பிள்ளைகள். அவர்கள் பிள்ளைகள் சேவூர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுதுகிறார்கள். கைமடி வேலைக்கு வந்த ஒடிசாப் பெண் ஒருத்தி, சுவரில் மாட்டியிருக்கும் காவி கட்டிய சாமியார் படத்தைப் பார்த்து, “யாரு அக்கா?” என்றாள். டீ நேரத்தில், தெரிந்த இந்தியும் மீதித் தமிழுமாகக் கதை சொன்னேன். கப்பல், காவி, சிறை, மண் எல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: “அவரோட அம்மா அப்புறம் அவரைப் பாத்தாங்களா?” நடுவில் ஒரு தடவை பார்த்தாள் என்றேன். “நான் என் அம்மாவைப் பாத்து ரெண்டு தீபாவளி ஆச்சு” என்றாள். அந்த மாதமே அவளுக்கு ரயில் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பினேன். போனவள் சொன்ன தேதிக்குத் திரும்பி வந்தாள். இரண்டாம் தடவை வந்தவள் அவள். இப்போது அவளும் சேவூர்க்காரி.

ஓரியூரே, இத்தனையும் சொன்ன பிறகு எனக்குத் தெரிவது ஒன்றுதான். பிறந்த ஊரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வந்த ஊரை நம் உழைப்பால், உணவால், பேச்சால், பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் காட்டும் பிரியத்தால் நம்முடையதாக்கிக்கொள்ளலாம். அதைச் செய்ய ஒருவர் அரண்மனையை விட்டு வந்தார், உயிரையும் கொடுத்தார். என்னிடம் கேட்கப்பட்டது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பங்கைச் செய்ய எனக்குத் தெம்பு கொடுத்தாய். உன்னை விட்டு வந்ததால் உன்னை இழக்கவில்லை என்று காட்டினாய். இரண்டு ஊருக்கும் மகளாக இருக்கவிட்டாய்.

ஓரியூரே, இனி காரியத்துக்கு வருகிறேன். வரும் பிப்ரவரி 4-க்கு வேன் பேசியிருக்கிறேன். ஷிப்மென்டை முந்தின வாரமே முடித்துக் கொடுத்துவிடுவோம். யூனிட்டில் இருக்கிற எல்லாரும் வருகிறோம். வீட்டுக்கார அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அசனத்துக்கு அரிசியும் நிலக்கடலையும் சேவூரிலிருந்தே கொண்டுவருகிறோம். வடநாட்டுப் பிள்ளைகளில் கறி தின்னாதவர்கள் உண்டு. அவர்களுக்குப் பருப்பும் காயும் தனி அடுப்பில் சமைப்போம். அருளானந்தர் சாப்பிட்டதும் அதுதானே. அவர்களுக்கு உன் வழக்கம் தெரியாது. செருப்பை எங்கே விடுவது, மண்ணை எங்கே எடுப்பது, எந்த இடத்தில் முழங்கால் போடுவது என்று விழிப்பார்கள். யாராவது ஒரு ஆத்தா அவர்களையும் ‘எந்தூரு தாயி’ என்று கேட்பாள். அவர்கள் என்ன ஊர் சொன்னாலும் சரி என்று சொல்லிவிடு. பந்தியில் அவர்களுக்கும் ஒரு தாமரை இலை போட்டு வை.

சேவூரிலிருந்து உன் மகள்